சிவப்பு மூடி டப்பாவில் நடந்தது

குன்னூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஜீவிதாவுக்கு,

உன் தாய்மாமன் செல்லதுரை எழுதுவது. நானும் உன் அத்தை சுகுணாவும் நலம். கோயமுத்தூரில் நீ பரீட்சையை நன்றாக எழுதியிருப்பாய். இங்கே உன் ஆராய்ச்சிக்கென்று நீ விட்டுப்போன புழுக்களும் நலம். அதுதான் பிரச்சினை.

நீல மூடி டப்பாவுக்கு வெறும் முட்டைக்கோஸ் இலை, சிவப்பு மூடிக்கு மருந்தில் நனைத்த இலை என்று சொல்லிப் போனாய். "புழு வயித்துல இருக்கற கிருமிதானுங்க மாமா இலையைச் செரிக்க ஒத்தாசை பண்ணுது. மருந்துல கிருமி செத்துட்டா புழு தேறுதான்னு பாக்கோணும்" என்றாய். புரிந்ததுபோல் தலையாட்டினேன். நாலாம் நாள் நீல மூடிப் புழுக்கள் கொழுகொழுவென்று இருந்தன. சிவப்பு மூடிப் புழுக்கள் பத்தும் நூலாக இளைத்துக் கிடந்தன. பக்கத்து வீட்டு மருதாம்பாள் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இதுகளும் தின்னுட்டேதான் இருக்குது, ஒடம்புல ஒட்டலையே. என்ன பாவம் பண்ணுச்சுங்க?" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. வெடிமருந்துத் தொழிற்சாலை ஸ்டோரில் முப்பத்தோரு வருஷம் ஒரு பெட்டியைக்கூட இடம் மாற்றி வைக்காதவன், அன்று சாயங்காலம் பத்தையும் எடுத்து நீல மூடிக்குள் விட்டேன். பந்தியில் சேர்ந்து உட்கார்ந்தால் தேறும் என்று நினைப்பு. அவையோ கொழுத்த புழுக்களின் எச்சம் படிந்த இலையாகப் பார்த்துத் தின்றன. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூன்றே நாளில் எல்லாம் ஒரே பருமன். எச்சத்தோடு கிருமியும் உள்ளே போயிருக்கும் என்பது அப்புறம்தான் உறைத்தது. எது எந்த டப்பாப் புழு என்று தெரியாமல், கைக்கு அகப்பட்ட பத்தைப் பொறுக்கிச் சிவப்பு மூடியில் போட்டேன். மருந்து இலை போட மறுபடி மனசு வரவில்லை.

அதைவிடக் கேவலம், வெள்ளிக்கிழமை நீ போனில் கேட்டபோது, "நீ சொன்னபடியேதான் போடறேன் கண்ணு" என்றேன். பக்கத்தில் நின்ற சுகுணா, "அறுபத்திமூணு வயசுல வாய் கூசலீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். கூசத்தான் செய்தது. உன் எட்டு மாத உழைப்பைக் கெடுத்தவனுக்கு மன்னிப்புக் கேட்கும் யோக்கியதையும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

என்றும் உன் நலம் வேண்டும்,
செல்லதுரை மாமா

பி.கு.: கவரை ஒட்டும்போது நீயே வந்துவிட்டாய். சிவப்பு மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "எதையும் மாத்தலீங்களே மாமா?" என்று கேட்டாய். "இல்ல கண்ணு" என்று வாய் சொல்லிவிட்டது. இப்போது வாசலில் நின்று உன் பேராசிரியரிடம் போனில், "சார், கிருமி இல்லாமயே புழு நல்லா வளந்திருக்குதுங்க. நாம நெனச்சதெல்லாம் தப்புங்க சார்" என்கிறாய். இவ்வளவு சந்தோஷமாக நீ பேசி நான் கேட்டதில்லை. இதை சுகுணாவிடம் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து போனை வைக்குமுன் படித்துவிடு. நான் வீட்டுக்குப் பின்னால் நிற்கிறேன்.