ரோகிணியைப் பாதியில் நிறுத்திய விவகாரம்

ரகசியம் பேசவே லாயக்கில்லாத குரல் என்று ஒன்று உண்டு. அது என்னுடையது. சர்க்கரை ஆலையில் மெஷின்களுக்கு நடுவே கத்திக் கத்தி, பக்கத்தில் இருப்பவரிடம் தண்ணீர் கேட்டால்கூடத் தெருமுனையில் இருப்பவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. போதாததற்கு ஒரு நிமிடம் சும்மா இருக்காத கால் வேறு. உட்கார்ந்தால் ஆடும். (தூங்கும்போதும் ஆடுவதாகப் பிற்காலத்தில் சாட்சி கிடைத்தது.) இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பெண் பார்க்கப் போனேன்.

பஸ்ஸில் அம்மா என் முழங்காலை அழுத்திப் பிடித்தபடியே வந்தாள்.

"கால ஆட்டாதடா. போன எடத்துல அதனாலதான் வேணாம்னுட்டாங்க."

(போன இடத்தில் வேண்டாமென்றது என் சம்பளத்தைக் கேட்டுத்தான். அம்மா என் மனம் நோகக்கூடாது என்று பழியைக் காலின் மேல் போட்டுவிட்டாள்.)

காணையிலிருந்து வந்திருந்த தாய்மாமன் முன்சீட்டிலிருந்து திரும்பினார். "வாயையும் தொறக்காத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. இந்த எடமும் தட்டிப்போச்சுன்னா இனிமே என்னக் கூப்பிடாதீங்க."

பெண்ணின் அப்பா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வேகவைத்த மல்லாட்டையை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் பதற்றத்தில் உரித்துத் தின்றுகொண்டே இருந்ததில், கால் ஆடியதை யாரும் கவனிக்கவில்லை. தட்டு காலியானதை எல்லாரும் கவனித்தார்கள்.

வளர்மதி வந்தாள், நமஸ்காரம் சொன்னாள், போனாள். பிறகு அவளே அப்பாவிடம், கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும் என்றாளாம். எங்களை மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். காவலுக்கு அவளுடைய அஞ்சலை அத்தை, மாடிப்படியின் அடியில் கீரைக்கட்டோடு உட்கார்ந்தார்.

மாடியில் கால் என்னை நிற்க விடவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். மூலையில் துருப்பிடித்த டிவி ஆண்டெனா ஒன்று சாய்ந்து நின்றது. அதைப் பார்த்ததும் வாயில் வந்ததைக் கேட்டேன்.

"இதுலதான் ரோகிணி பாத்தீங்களா?"

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் ஞாயிறு காலையில் ஒரு விண்வெளித் தொடர் தமிழில் பேசிக்கொண்டு வந்தது. பூமிக்குத் திரும்ப வழி தெரியாமல் அலையும் ஒரு விண்கப்பல், அதற்குள் ஒரு ஊரே குடியிருக்கும். இங்கிலீஷில் அந்தக் கப்பலுக்கு வாயில் நுழையாத பெயர். டப்பிங் செய்த புண்ணியவான் 'ரோகிணி' என்று வைத்துவிட்டார். கேப்டன் முதல் சமையல்காரர் வரை கப்பலை 'அவள்' என்றுதான் சொல்வார்கள். எங்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. இரண்டு வருடம் ஓடியது. கடைசியில் கப்பல் தீப்பிடித்து, தூரத்தில் பூமி புள்ளியாகத் தெரிந்த வாரத்தோடு நிறுத்திவிட்டார்கள். மறுவாரம் அதே நேரத்தில் ஒருவர் வந்து வாழைக்கு உரம் வைப்பது பற்றிப் பேசினார். அந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

வளர்மதி சிரித்தாள். "பாத்தேனே. சரியான நேரத்துல நிறுத்துனாங்க."

எனக்குச் சுருக்கென்றது. "சரியான நேரமா?"

"பின்ன? கடைசியில கதையே இல்லாமதான் சுத்திக்கினு இருந்தாங்க. பூமியில எறங்கி இன்னா பண்ணப் போறாங்க? ரேஷன் கார்டுக்கு அலைவாங்க. பாதியில விட்டதாலதான் இன்னிக்கும் நாம பேசிக்கினு இருக்கோம்."

இந்தப் பெண்தான் வேண்டும் என்று மனம் அந்த நொடியே முடிவு செய்துவிட்டது. வாய்தான் ரோகிணியை விட்டுக்கொடுக்க மறுத்தது. நடந்துகொண்டே வாதாடினேன். வளர்மதிக்கு மெல்லிய குரல், மாடியோடு நின்றது. என் குரல் படியிறங்கிப் போனது. அஞ்சலை அத்தையின் காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"ரோகிணியப் பாதியில நிறுத்துனத நான் சாவுற வரைக்கும் மன்னிக்க மாட்டேங்க."

"ரெண்டு வருஷம். அவளப் பாக்காம எனக்கு ஞாயித்துக்கிழமையே விடியாது."

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கரை சேந்திருப்பா. அவ வயித்துல இருந்த உசுருக்கெல்லாம் யாருங்க பதில் சொல்றது?"

நாங்கள் இறங்குவதற்குள் அத்தை கூடத்தில் நின்றிருந்தார். கையில் கீரை அப்படியே இருந்தது.

"பேச்சு போதும், எல்லாரும் எந்திரிங்க. பையன் மனசுல ரோகிணின்னு ஒருத்தி இருக்கா. ரெண்டு வருஷமாப் பழகியிருக்கான். அவ முழுகாம வேற இருந்திருக்கா."

அம்மா எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். "யார்ரா அவ?"

"அம்மா, அது கப்பல்."

"கப்பல்ல வேல செய்யற பொண்ணா?" என்றார் மாமா.

"இல்ல மாமா. அவதான் கப்பல். மேல போயிட்டா."

"அடப்பாவி, செத்தே போயிட்டாளா?" என்றார் அத்தை.

இல்லை என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். ஆனால் தொடர் விஷயத்தில் தப்பாகச் சொல்ல எனக்கு மனம் வராது. "அது தெரியலைங்க. தீப்பிடிச்சது வரைக்கும்தான் காட்டுனாங்க."

என் கால் நின்ற இடத்திலேயே தையல் மெஷின் ஓட்டியது. வளர்மதியின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எங்களை வழியனுப்பப் போகிறார் என்று புரிந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வளர்மதி சிரிப்பை அடக்க முடியாமல் முன்னால் வந்தாள். "அப்பா, ஞாயித்துக்கிழமை காலைல உங்கள ஆண்டெனாவப் புடிச்சிக்கினு நிக்க வெப்பனே, அந்த ரோகிணிப்பா."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அதச் சீக்கிரம் நிறுத்திட்டாங்கன்னா சொல்றீங்க?"

"ஆமாங்க." வாழ்க்கையில் முதன்முறையாக என் குரல் மெதுவாக வந்தது.

"வாரத்துல ஒரு நாள் லீவு. அன்னிக்கும் வெயில்ல நின்னு அந்தக் கம்பியத் திருப்பிக்கினு இருந்தவன் நானு. 'தெரியுதா, தெரியுதா'ன்னு கத்தியே தொண்ட போச்சு. ஒரு நாளு கூட அதுல இன்னா வருதுன்னு நான் பாத்தது கெடையாது. இன்னும் முன்னாடியே நிறுத்தியிருக்கணும் மாப்ள."

கடைசி வார்த்தையை மாமாதான் முதலில் பிடித்தார். நான் மறுத்துப் பேச வாயெடுப்பதற்குள் என் காலை ஓங்கி மிதித்தார். அன்று அதன் பிறகு கால் ஆடவில்லை.

கல்யாணம் நடந்தது. அஞ்சலை அத்தை மட்டும் அந்தக் கப்பல் கதையை இன்றுவரை நம்பவில்லை. குடும்பமே சேர்ந்து எதையோ மூடி மறைக்கிறது என்பது அவர் கட்சி. நான் வீட்டுக்கு வரத் தாமதமானால் மச்சான்கள் "ரோகிணி வீட்டுக்குப் போயிருக்காரா?" என்று கேட்பார்கள். அத்தை சிரிக்க மாட்டார்.

போன மாதம் மேல்மலையனூரில் உறவினர் வீட்டுக் காதுகுத்து. சாப்பாட்டுப் பந்தியில் என் செல்போனில் ஒரு செய்தி வந்தது. அந்தத் தொடரை விட்ட இடத்திலிருந்து மறுபடி எடுக்கப் போகிறார்களாம். இலையை மறந்து எழுந்தேன்.

"வளரு, ரோகிணி திரும்ப வர்றாளாம்."

(என் குரலைப் பற்றி முதலிலேயே சொல்லியிருக்கிறேன்.) பந்தி முழுக்கத் திரும்பியது. அஞ்சலை அத்தை, சாம்பார் வாளியோடு நின்ற வளர்மதியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் அன்னிக்கே சொன்னேன், கேட்டியாடி? பாரு, வந்துட்டா."

"வரட்டும் அத்த. ரெண்டு வருஷத்துக்கு மேல தாங்க மாட்டா" என்று சொல்லிவிட்டு, வளர்மதி அடுத்த இலைக்குப் போனாள்.