சீனாக்காரன் கட்டுவான்

செத்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று ஏப்ரல் மாதம் ஒரு சபதம் எடுத்தேன். பேசவே மாட்டேன் என்றில்லை. வானிலை பேசலாம், சோளம் பேசலாம், முட்டி வலி பேசலாம். நவம்பரில் நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்பது மட்டும் என் பெண்டாட்டி மார்லிஸ் காதில் விழக்கூடாது. விழுந்தால் நான் காலி.

எங்களுக்குப் பட்டாசுக் கடை. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில், ஒஹாயோ எல்லைக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலை ஓரமாக மார்லிஸின் அப்பா வைத்தது. ஜூலை நாலாம் தேதி சுதந்திர தினத்துக்கு ஊரே வெடிக்கும் அல்லவா, அந்த வெடியில்தான் எங்களுக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு. மத்தாப்பு, புஸ்வாணம், சரவெடி, ராக்கெட் எல்லாம் சீனாவிலிருந்து கப்பலில் வரும். கடை மார்லிஸ் பேரில் இருக்கிறது. நான் பெட்டி தூக்குகிறவன். முதலாளியின் புருஷன் என்று ஒரு கௌரவப் பதவியும் உண்டு, அதற்குச் சம்பளம் கிடையாது.

மாமனார் ஒரு விதி வைத்துவிட்டுப் போயிருந்தார். பட்டாசு வாங்க இரண்டு கட்சிக்காரனும் வருவான், அதனால் கடைக்காரன் வீட்டில் அரசியல் ஆகாது. வாசல் புல்வெளியில் கட்சிப் பலகை நடக்கூடாது. யாருக்கு ஓட்டு என்று புருஷனும் பெண்டாட்டியும் கேட்டுக்கொள்ளக்கூடாது. தேர்தல் அன்று நாங்கள் ஒரே வண்டியில் போனோம், தனித்தனித் தட்டிக்குள் நின்று போட்டோம், மழை வருமா என்று பேசிக்கொண்டே திரும்பி வந்தோம்.

வீட்டுக்கு வெளியே அந்த விதி செல்லாது. டைனர் என்கிற சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் காலைக் காபிக் கூட்டத்துக்கு நான்தான் பொருளாதாரப் பேராசிரியர். ஜனாதிபதி தேர்தலில் நின்ற எங்கள் ஆள், சீனச் சரக்குக்கு இறக்குமதி வரி போடுவேன் என்று மேடை மேடையாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அந்த வரியை யார் கட்டுவார்கள் என்று பக்கத்து வீட்டு வெர்ஜில் கேட்டான். நான் முட்டையை வெட்டிக்கொண்டே விளக்கினேன். நம் மாவட்டப் பொருட்காட்சியில் கடை போட வருகிறவன் வாசலில் காசு கட்டுகிறானா இல்லையா? அதே கதைதான். சரக்கை உள்ளே கொண்டு வருகிறவன் கட்டுவான். கொண்டு வருகிறவன் யார்? சீனாக்காரன். அப்புறம் நமக்கென்ன? வெர்ஜிலுக்குக் கண் திறந்தது. முடி வெட்டுகிற எல்மருக்கும் திறந்தது. ஒரு தட்டு முட்டை தீர்வதற்குள் ஏழெட்டு ஓட்டாவது சேர்த்திருப்பேன்.

ஏப்ரலில் துறைமுகத்திலிருந்து ஃபோன் வந்தது. எங்கள் சரக்கை இறக்கிக் கொடுக்கிற ஏஜென்ட். கன்டெய்னர் வந்து நிற்கிறதாம், வரி கட்டினால்தான் வெளியே விடுவார்களாம். இத்தனை காலம் வரி என்பது கொசுறு மாதிரி பில்லில் எங்கேயோ கலந்து கிடக்கும். இப்போது அவன் சொன்ன தொகை சரக்கின் விலையை விடப் பெரிது. நான் சிரித்தேன். தம்பி, தப்பான ஆளுக்கு ஃபோன் போட்டிருக்கிறாய், இதைச் சீனாக்காரனிடம் கேள் என்றேன். அவனும் சிரித்தான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"சார், சரக்கை உள்ள கொண்டு வர்றவங்கதான் கட்டணும்," என்றான் பிறகு. "கொண்டு வர்றது உங்க வீட்டம்மாதானே?"

டைனரில் நான் சொன்ன விளக்கத்தில் ஒரு குறையும் இல்லை. கொண்டு வருகிற ஆள் யார் என்பதில்தான் கோட்டை விட்டுவிட்டேன். கல்யாணம் ஆன நாள் முதல் அந்தப் பெட்டிகளை என் முதுகில்தான் இறக்குகிறேன், ஒரு நாளாவது யோசித்தேனா?

விஷயத்தைச் சொன்னதும் மார்லிஸ் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. காலிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். பேங்கில் கேட்டுப் பார்த்தாள், கையை விரித்துவிட்டார்கள். "இந்த ஜூலைக்குக் கடை திறக்காது, வெண்டல்," என்றாள். "அப்பா கடை." அவள் குரல் உடைந்தது. அந்தக் கணம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நல்ல வேளையாக என் கோழைத்தனம் என்னைக் காப்பாற்றியது.

அன்றைக்குச் சாயங்காலமே ஒரு தடவை மெதுவாக என் படகைப் பற்றி விசாரித்தாள். அந்த மீன்பிடிப் படகு என் உயிர். எனக்கென்று நான் வாங்கிக்கொண்டது அது ஒன்றுதான். நான் காது கேளாதவன் மாதிரி முட்டி வலியைப் பற்றிப் பேசினேன். அவளும் விட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது என் கெட்ட காலம். சமையலறையில் நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பேன். அவள் பக்கத்தில் பெரிய கத்தியால் கேரட் நறுக்குவாள்.

"அந்த ஆளுக்கு ஓட்டுப் போட்டவன் ஒருத்தன், ஒரே ஒருத்தன் என் கையில கிடைக்கட்டும்."

"கிடைச்சா என்ன பண்ணுவ?" பொதுவாகத்தான் கேட்டேன்.

"நம்ம கடையிலேயே பெரிய ராக்கெட்டா பாத்து அதோட சேத்துக் கட்டி, ஒஹாயோவுக்கு அனுப்பிடுவேன்."

டக் என்று ஒரு கேரட் விழும். நான் என் விரல்களை எல்லாம் மடக்கி வைத்துக்கொள்வேன்.

தூக்கம் போனது. தூக்கத்தில் உளறுவேனோ என்ற பயம்தான் காரணம். வெர்ஜில் வேலிக்கு வந்தாலே மார்லிஸ் எங்கே என்று திரும்பிப் பார்ப்பேன். அவன் புல்வெளியில் நட்டிருந்த பலகையைப் பிடுங்கி, எழுத்து உள்பக்கம் போகும்படி கோழிக்கூண்டு ஜன்னலில் அடித்துவிட்டான். இப்போது அந்தப் பிரச்சாரம் கோழிகளுக்கு மட்டும்தான். ஆனால் வாயை யார் அடைப்பது? டிராக்டர் பாகம் விலை ஏறிவிட்டது, நீ சொல்லித்தானே போட்டேன் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி புலம்புவான். நான் ஓடிப் போய் அவனைப் படகில் ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவேன். பிடிக்கிற மீனை எல்லாம் அவனுக்கே கொடுத்துவிடுவேன்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டுக்குள் நுழைந்தால், சர்க்கரைக் கிரீம் பை என்கிற இனிப்புப் பண்டத்தின் வாசனை. அந்தப் பண்டத்தை மார்லிஸ் கிறிஸ்துமஸுக்குத்தான் செய்வாள். எனக்குப் பிடிக்குமே என்று, பன்னுக்கு நடுவில் வைக்கிற பன்றிக் கறியை அந்தப் பன்னை விட மூன்று மடங்கு பெரிதாகப் பொரித்து வைத்திருந்தாள். திட்டினால் தாங்கலாம், இந்த உபசாரத்தை எப்படித் தாங்குவது? எதிரே உட்கார்ந்தாள். என் கை மேல் கை வைத்தாள்.

"வெண்டல், எனக்கு எல்லாம் தெரியும்."

அவ்வளவுதான். ஓட்டுப் போட்டதைச் சொன்னேன். டைனரைச் சொன்னேன், முட்டையைச் சொன்னேன், வெர்ஜிலை, எல்மரை, ஏஜென்டிடம் சிரித்ததை, ஏரியில் மீன் லஞ்சம் கொடுத்ததை எல்லாம் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் மோவாயில் கை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் இன்னொரு துண்டு பை வெட்டி என் தட்டில் வைத்தாள்.

"படகு இப்ப என்ன விலைக்குப் போகும்?"

நான் முட்டி வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வாங்கினவன் எல்மர். நான் கண்ணைத் திறந்துவிட்ட அதே எல்மர். திறந்த கண்ணால் படகை நன்றாகப் பார்த்து, பாதி விலை பேசி முடித்தான். அதோடு மார்லிஸ் தன் சேமிப்பையும் போட்டு வரி கட்டி சரக்கை மீட்டாள். கடை திறந்தது. ஒன்றே ஒன்றுதான் குறை. வருஷா வருஷம் ராக்கெட் வேஷம் போட்டுக்கொண்டு சாலையோரம் ஆடி வண்டிகளைக் கூப்பிடுகிற ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. வெள்ளித் துணி, தலையில் திரி. எனக்கு அளவு சரியாக இருந்தது.

ஜூன் வெயிலில் நான் வெந்துகொண்டு ஆடும்போது மார்லிஸ் எலுமிச்சை ஜூஸ் கொண்டு வந்தாள். கடையில் நல்ல கூட்டம். அவள் முகத்தில் பழைய களை வந்திருந்தது. எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

"யாரு உன்கிட்ட சொன்னா? வெர்ஜிலா?"

"யாரும் சொல்லல."

"எல்லாம் தெரியும்னியே."

"எந்தப் புருஷன்கிட்ட அப்படிச் சொன்னாலும் ஏதாவது ஒண்ணு கொட்டும், வெண்டல். எனக்குத் தெரிஞ்சது அதான்."

வேஷத்துக்குள்ளே எனக்கு எரிந்தது. மாமனார் விதியாவது மண்ணாவது என்று கேட்டே விட்டேன். "அது சரி, நீ யாருக்குப் போட்ட?"

அவள் என் தலைத் திரியை நேராக்கினாள். சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். குரலைத் தணித்தாள்.

"அதே ஆளுக்குத்தான். சீனாக்காரன் கட்டுவான்னு டைனர்ல யாரோ ஒருத்தர் ரொம்ப விவரமா சொன்னாராம். எல்மர் பெண்டாட்டி வந்து எனக்கு விளக்கினா. ஃபோன் வந்த நாள்லேருந்து நீ என்னைக் கேட்டுடுவியோன்னு எனக்குத் தினமும் உயிர் போச்சு. அதான் நீ கேக்கறதுக்கு முந்தியே கேரட்டை வெட்டிக்கிட்டு அந்தச் சத்தம் போட்டேன்."

"அப்போ என் படகு?"

காலித் தம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"ஓட்டுப் போட்டது ரெண்டு பேரும்தான், வெண்டல். உளறினது நீ ஒருத்தன்தான்."