மிதக்கும் தரை

நைனா முகமது தூங்கி எழுந்து பார்த்தபோது முன்னறையின் நடுவில் தரை மேடு தட்டியிருந்தது.

மதிய பஸ்ஸில் மனைவி மாஜிதா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிறாள். பெயர்ந்த சிமெண்டுத் தரையில் குதிகால் கிழிந்த அன்று, "ரெண்டாயிரம் வருசமே பொறக்கப் போகுது. நல்ல தரையாப் போட்டுட்டுச் சொல்லி அனுப்புங்க" என்று அம்மா வீட்டுக்குப் போனவள்.

தம்பி அய்யூப் துபாயிலிருந்து கப்பலில் தரைக்கான மரப் பலகை அனுப்பினான். ஆணி வேண்டாம், பசை வேண்டாம். ஒன்றோடொன்று கோத்து அழுத்தினால் டக்கென்று மாட்டிக்கொள்ளும். நைனா தனியாகவே போட்டு முடித்தார். என்ன தரை என்று சொல்லாமல், "வா" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்.

நைனா போய்த் தச்சர் பொன்னுராஜ் ஆசாரியைக் கூட்டி வந்தார்.

"ஆணியே அடிக்கலையா, பாய்?"

"அடிக்கக் கூடாதாம். மெதக்குற தரை."

"அதான் மெதக்குது." ஆசாரி சுவரோரம் குனிந்தார். "இங்கன என்ன?"

"விரக்கடை இடம் விடச் சொல்லிப் பெட்டியில படம் போட்டிருந்தான். தேளு வரும்லா? சிமெண்டு வச்சு அடைச்சுட்டேன்."

"பொறவு பலகை உப்புனா எங்க போகும்? மேலதான்."

சிமெண்டைக் கொத்தினார்கள். ஓரப் பலகைகளும் சேர்ந்து உடைந்தன. மேடு இறங்கவில்லை.

ஆட்டுரலை உருட்டி வந்து மேட்டின்மேல் வைத்தார்கள். நடுவில் படுத்த மேடு வாசலோரம் எழுந்தது. கதவு பாதியில் சிக்கிக்கொண்டது.

"கதவைக் கழட்டிருவமா?"

"கழட்டும்."

கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள். அது வழுக்கி விழுந்து நாலைந்து பலகைகளைக் கிளப்பிவிட்டது.

"செத்த நேரத்துல வாரேன், பாய்" என்று போன ஆசாரி திரும்பவில்லை.

மாஜிதா வந்தாள். கதவில்லாத வாசலில் நின்றாள். ஆட்டுரலைப் பார்த்தாள். நைனாவின் தோல் உரிந்த முழங்காலைப் பார்த்தாள்.

"என்ன வேணாலும் சொல்லு. திரும்ப மட்டும் போயிராத" என்றார் நைனா.

"எம்புட்டுப் பாடுபட்டிருக்கீங்க. எனக்கு இதுவே போதும்." பையை வைத்துவிட்டு டீ போடப் போனாள். முகத்தைக் காட்டவில்லை.

நைனாவுக்குப் பயமாகிவிட்டது. எதிர்வீட்டு வெள்ளத்தாயிடம் ஓடினார்.

"தாயி, உங்க மதினிக்கு மேலுக்குச் சொகமில்லையா? ஒரு வார்த்தை திட்டலையே!"

வெள்ளத்தாய் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"சொல்லக் கூடாதுன்னு மதினி சத்தியம் வாங்கியிருக்காக அண்ணே. நேத்து நீங்க கடைக்குப் போன பொறவு வந்து, எங்கிட்ட சாவிய வாங்கித் தெறந்து பாத்துட்டு, சந்தோசம் தாங்காம, குடம் குடமாத் தண்ணிய ஊத்தித் தரையக் கழுவித் தொடச்சு விட்டுட்டுல்லா போனாக!"