மூக்குக்கு நாற்பத்தொரு கட்டம்

அச்சகம் நடத்தும் என் மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. நீயும் உன் மனைவி மக்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும். முறை என்று ஒன்று இருக்கிறதே, அதற்காக முதலில் இதை எழுதிவிட்டேன். இங்கே நான் சௌக்கியமில்லை. காரணம் நீ.

உன் அக்கா மூன்று மாதமாக டேப்லெட்டில் என்னை வரைந்தாள். அவள் முடித்த முதல் படம். சனிக்கிழமை நூலகக் கூடத்தில் கண்காட்சி, ஆறடிக்கு நாலடி இடம் அவளுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். "அச்சு வேலைய நான் பாத்துக்கறேன், நீ பேசாம இரு" என்று வாக்குக் கொடுத்தவன் நான். முப்பத்திரண்டு வருஷம் நிலம் அளந்தவனுக்கு ஒரு படத்தை அளக்கத் தெரியாதா?

படத்தை உள்ளது உள்ளபடியே உனக்கு அனுப்பினேன். மறுநாள் உன் கடையில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா, "சார், இதுல நீளவாக்குல நானூத்தி எண்பது புள்ளிதான் இருக்கு, நல்லா வரணும்னா அங்குலத்துக்கு முந்நூறு வேணும்" என்றார். திரையில் ஒரு பெட்டிக்குள் அங்குலத்துக்கு எழுபத்திரண்டு என்று போட்டிருந்தது, இவ்வளவுதானே என்று வீட்டுக்கு வந்து அதை அழித்து முந்நூறு என்று அடித்து மறுபடி அனுப்பினேன், சாயங்காலம் போய்ப் பார்த்தால் என்னைத் தபால்தலை அளவுக்கு அச்சடித்து வைத்திருக்கிறார், கேட்டால், "நானூத்தி எண்பத முந்நூறால வகுத்தா ஒன்றரை அங்குலம்தான் சார், பெட்டியில எண்ண மாத்தினா புள்ளி கூடாது" என்று எனக்கே கணக்குச் சொல்லித்தருகிறார், எனக்கு வந்ததே கோபம், ஆறடி என்றால் ஆறடி, இழுத்துப் போடுங்கள் என்று கத்தினேன், அவரும் இழுத்துப் போட்டுவிட்டார்.

ஹாலில் மாட்டினேன். எங்கே பார்த்தாலும் கட்டம். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணியே பார்த்துவிட்டேன்: மூக்குக்கு நாற்பத்தொன்று, இடது கண்ணுக்குப் பதினாறு, காது எது கழுத்து எது என்று தெரியவில்லை. உன் அக்கா வந்து பார்த்தாள். நேராகப் போய் நூலகத்துக்குப் போன் போட்டு, "நான் கலந்துக்கல, அந்த எடத்த வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்றாள். இரண்டு நாளாக என்னோடும் பேச்சில்லை.

உன்னைக் கேட்டால் என்ன சொன்னாய்? "ஒரு டம்ளர் பெயிண்ட்ட நாலு சுவத்துக்கு அடிக்கச் சொன்னா இப்படித்தான் அத்தான் வரும். கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க." என் வீட்டில் நான் ஏனடா தள்ளி நிற்க வேண்டும்? பொறுப்பாகத் தொழில் செய்கிறவன் பேசுகிற பேச்சா இது? நீயே நேரில் வந்து உன் அக்காவிடம் மன்னிப்புக் கேள். அதுவரை இந்த வீட்டுப் படியேறாதே. வராமல் எப்படிக் கேட்பது என்பது உன் பாடு.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உனக்கு இல்லை.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: இதை மடித்துவிட்டு, உறையை ஒட்டப் பசை எடுக்கச் சமையலறைக்குப் போனேன். கண்ணாடி மேசையிலேயே இருந்தது. நிலைப்படியில் திரும்பினால், ஹாலின் அந்தக் கோடியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கட்டமே இல்லை. அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டே சிரிக்கிறேன். நான் இப்படிச் சிரிப்பேன் என்று எனக்கே தெரியாது. "நான் இங்கேருந்துதான் வரைஞ்சேன்" என்றாள் உன் அக்கா. இரண்டு நாளில் அதுதான் முதல் பேச்சு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதனால் அவளிடம் உண்மையைச் சொன்னேன், உனக்கும் சொல்கிறேன்: படம் ரொம்பப் பெரிதாக இருந்ததால் அனுப்ப நேரமாகிறது என்று, பத்தில் ஒரு பங்காகச் சுருக்கித்தான் உனக்கு அனுப்பினேன். முழுப் படம் டேப்லெட்டில் பத்திரமாக இருக்கிறது. அவளே இன்றைக்கு அனுப்புவாள். என்னைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். நூலகத்துக்கும் மறுபடி பேசிவிட்டாள். சனிக்கிழமைக்குள் அச்சடித்து நீயே கொண்டு வா. கட்டம் போட்டது இங்கேயே இருக்கட்டுமாம். மேலே எழுதியதில் சௌக்கியம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொள்.