நாற்பத்திரண்டு வயதுக் குடல்

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்த நோய்களிலேயே உன்னதமானது 'வயசு'. இதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், நோயாளியைத் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம். கதவைத் திறந்து வரும்போதே தெரிந்துவிடும். இதைக் கண்டறிவதில் எங்கள் குடல் டாக்டருக்கு இணை கிடையாது. அந்தத் திறமையை நேரில் கண்டவன் என்பதில் எனக்குப் பெருமை.

என் மனைவி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். வயது அறுபத்தாறு. சில மாதங்களாக வயிற்றுப்போக்கு, கூடவே ரத்தம். வீட்டில் எத்தனை நாற்காலி இருந்தாலும் கழிப்பறைக்குப் பக்கத்தில் இருப்பதில்தான் உட்காருவாள். உடம்பு இளைத்து, கையைத் தூக்கினால் வளையல் முழங்கைக்குப் போய்விடும். எனக்குப் பயமாக இருந்தது. டாக்டருக்குத் துளிகூட இல்லை.

"ரத்தம் போகுது டாக்டர்."

"இந்த வயசுல போகும்மா."

"எடை ரொம்பக் குறைஞ்சிடுச்சு."

"நல்லதுதானே. மூட்டுக்கு பாரம் குறையும்."

"ராத்திரியெல்லாம் எந்திரிச்சு ஓடறேன்."

"வயசானா தூக்கம் வராது. இப்படி ஒரு நடமாட்டம் இருந்தா பொழுதும் போகும்."

எந்தக் கேள்விக்கும் ஒரே விடை வரும் கணக்கை அவள் தன் பணிக்காலம் முழுக்கப் பார்த்ததில்லை. எழுந்து வந்தாள். வழியில் ஒரு கடையில் நுழைந்து தலைக்குப் பூசும் சாயம் வாங்கினாள்.

"இப்ப தலைக்கு இதுதான் கேடா?" என்றேன்.

"தலைக்கு இல்லீங்க. குடலுக்கு."

அடுத்த வாரம் அதே டாக்டரிடம் புதிய நோயாளியாகப் போனோம். கூந்தல் கருகரு. வயது நாற்பத்திரண்டு. சிக்கல் என்னால்தான் வந்தது. என் தலையில் சாயம் பூச இடமே இல்லை.

"நீங்க எனக்கு அப்பா," என்றாள்.

"நானா?"

"வாயைத் திறக்காம உக்காந்திருங்க போதும். புருஷனா இருந்தப்பவும் அதைத்தானே செஞ்சீங்க."

டாக்டருக்கு எங்கள் இருவரையும் அடையாளம் தெரியவில்லை. வயதைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "நாப்பத்திரெண்டு வயசுல ரத்தமா? எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "பெத்த பொண்ணை இப்படியா சார் விட்டு வைப்பீங்க?"

நான் தலை குனிந்தேன். பெண்ணைப் பெற்றவன் நாலு சொல் கேட்கத்தான் வேண்டும்.

மறுநாளே குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். பெருங்குடல் முழுக்க அழற்சி, புண். நாள்பட்ட நோய்தான், ஆனால் மருந்துக்குக் கட்டுப்படும் என்றார்கள். கட்டுப்பட்டது. ரத்தம் நின்றது, வளையல் மணிக்கட்டுக்குத் திரும்பியது. அவள் கழிப்பறைப் பக்கத்து நாற்காலியை விட்டு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்த அன்று நான் அழுதுவிட்டேன், தகப்பன் என்ற முறையில்.

டாக்டருக்கு என்னைவிட ஆனந்தம். மருத்துவ மாநாட்டில் இவளைப் பற்றிப் பேசப்போவதாகச் சொன்னார். அங்கேதான் வந்தது வினை. தப்புக் கணக்கு மேடையேறுவதை டீச்சரால் தாங்க முடியவில்லை.

"டாக்டர், எனக்கு அறுபத்தாறு. இவரு என் வீட்டுக்காரர்."

டாக்டர் முதலில் என்னை அருவருப்போடு பார்த்தார். விஷயம் புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அறுபத்தாறுன்னா இது அந்த நோயே இல்லம்மா. வயசு."

"குடல்ல புண் இருந்துச்சே. நீங்கதானே படம் காட்டுனீங்க?"

"அது நாப்பத்திரெண்டு வயசுக் குடல்."

"மாத்திரையில நின்னுச்சே?"

"சில பேருக்கு வயசு தானா நிக்கும்."

மருந்துச் சீட்டின் குறுக்கே ஒரு கோடு. நோய் ரத்து.

வீட்டில் இன்னும் ஒரு வாரத்துக்குத்தான் மாத்திரை இருக்கிறது. இவள் கண்ணாடி முன்னால் நின்று சாயம் குழைக்கிறாள். இந்த முறை வயது முப்பத்தைந்தாம்.

"அப்ப நான்?" என்றேன்.

"தாத்தா."

பதவி உயர்வு யாருக்குக் கசக்கும்? டாக்டர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் நோயாளியைப் பார்ப்பதே இல்லை என்று ஊரில் புரளி கிளப்புகிறார்கள். அபாண்டம். நன்றாகவே பார்க்கிறார், தலைமுடி முழுவதையும் பார்க்கிறார். அதற்குக் கீழே ஒருத்தி இருப்பதைத்தான் இன்னும் பார்க்கவில்லை.