மைக்கக்கா ஓட்டு கேட்ட கதை

அரியலூரு, பெரம்பலூரு ரெண்டு மாவட்டத்தையும் சல்லடை போட்டு சலிச்சாலும், காலையில தான் விட்ட சவாலுக்கு சாயங்காலம் தானே பதில் சவால் விட்ட ஆளு ஒண்ணே ஒண்ணுதான் கெடைக்கும். அது எங்க மைக்கக்கா.

எந்த எலெக்‌ஷன் வந்தாலும் மைக்கு புடிச்சு ஓட்டு கேக்குறது அக்காதான். கட்சி கெடையாது, பகை கெடையாது. யாரு கூப்புட்டாலும் போவும். காலையில ஒரு வேட்பாளருக்காக, "எதிரணிக்கு தைரியம் இருந்தா பதில் சொல்லட்டும்!"னு கத்தும். சாயங்காலம் எதிரணி ஆட்டோவுல ஏறி, "காலையில குரைச்சவங்களுக்கு இதோ பதில்!"னு அதே தொண்டையில சொல்லும். ஒருத்தன் கூட கோச்சுக்கிட்டது இல்ல. எல்லாருக்கும் அதே கொரலுதான் வேணும்.

ஊருல சாவு விழுந்தாலும் அறிவிப்பு அக்காதான். ஒரு தடவ பழக்கதோசத்துல, "இறுதி ஊர்வலத்துக்கு அலைகடலென திரண்டு வாரீர்! அமோக வெற்றி பெறச் செய்வீர்!"னுடுச்சு. செத்தவரு மகன் சண்டைக்கு வருவான்னு பாத்தா, கையப் புடிச்சுக்கிட்டு அழுவுறான். "எங்கப்பாவுக்கு இம்புட்டுக் கூட்டம் வரும்னு நெனைக்கலக்கா."

அக்கா ஏறுற ஆட்டோ என்னோடது. நம்ம படிப்பு மூணாப்பு. வாத்தியாரு போதும்னாரு, நானும் சரின்னேன். எங்களுக்குள்ள ஒத்துப்போன ஒரே விசயம் அதான். ஊரு, ரெட்டிபாளையம் போற ரோட்டுலேருந்து கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு. கறுப்புச் சட்ட போட்டுக்கிட்டு கெளம்புனா, சிமெண்டு ஆலை லாரி கெளப்புற தூசியில டவுனு போறதுக்குள்ள அது வெள்ளச் சட்டையாயிரும்.

போன பஞ்சாயத்து எலெக்‌ஷன்ல தலைவர் பதவிய பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. ரைஸ்மில்லு மொதலாளி ஒடனே பொண்டாட்டிய நிறுத்திட்டாரு. போஸ்டர்ல அவரு மூஞ்சி பூசணிக்கா சைசு, அந்தம்மா மூஞ்சி எலுமிச்சங்கா சைசு. அக்காவ புக் பண்ண வூட்டுக்கே வந்தாரு.

"ஏ மைக்கு, நம்ம வூட்டம்மாதான் நிக்கிது. நல்லா எடுத்து விடு."

"அம்மா பேரு என்னங்க மொதலாளி?"

அவரு மேல பாத்து யோசிச்சாரு. வூட்டுல "ஏய்"னு கூப்புட்டே பழகிட்டாரு போல.

"அது எதுக்கு? என் பேரச் சொல்லு, போதும்."

"ஜெயிச்சா என்ன செய்வீங்கன்னு சொல்லணுமே?"

"குட்டையத் தூத்துட்டு லாரி நிறுத்த எடம் போடப்போறேன். அத மட்டும் மைக்குல சொல்லிறாத."

எங்க ஊருக்கு அந்தக் குட்டைதான் உசுரு. ஆடு மாடு குடிக்கிறது அதுல. அது நெறைஞ்சாத்தான் சுத்தி இருக்குற கெணத்துல ஊத்து இருக்கும். அக்காவுக்கு புருசன் இல்ல, புள்ள இல்ல, இருக்குறது ஆடுங்கதான்.

"அப்ப என் ஆடுங்க?"

"பாட்டில் தண்ணி வாங்கிக் குடு"ன்னு சிரிச்சாரு.

அக்கா எந்திரிச்சு நின்னுச்சு. "மைக்கு வாடகைக்கு இல்லீங்க மொதலாளி. இந்தத் தடவ எனக்கே வேணும்."

மறுநாளே வேட்புமனு குடுத்துட்டோம். அக்காவுக்கு பூட்டு சாவி சின்னம் வந்துச்சு. நாங்க ஜம்முனு ஆட்டோவுல ஏறி தெருத்தெருவா போனோம். சனமெல்லாம் கைய ஆட்டி, "ஆட்டோவுக்குத்தானே? போட்டுர்றோம், போட்டுர்றோம்!"னுச்சு. குளுகுளுன்னு வந்து டீக்கடையில எறங்குனா, கடைக்காரரு தலையில அடிச்சுக்கிறாரு. "அட மண்டுங்களா, ஆட்டோ ரைஸ்மில்லுக்காரரு சின்னம்டா! நாள் பூரா அவருக்கு ஓட்டு கேட்டுட்டு வந்து டீ குடிக்கிறீங்களா?"

அதோட ஆட்டோவுக்கு தார்ப்பாய போட்டு மூடியாச்சு. டீக்கடைக்காரரு மொபெட்ட எரவல் வாங்குனோம். நான் ஓட்டுறேன், பின்னாடி அக்கா மடியில பேட்டரி, என் முதுகுல கொழாய் ஸ்பீக்கரு. காது அடைச்சுப்போயி, வூட்டுல பொண்டாட்டி திட்டுறது ஒண்ணும் கேக்கல. அந்த எலெக்‌ஷன்ல மொத வெற்றி எனக்குத்தான்.

ஆனா அக்காவுக்கு தனக்குன்னு ஓட்டு கேக்க வரல. "உங்கள் வீட்டுப் பிள்ளை, எளியவர், பண்பாளர்..."னு ஆரம்பிச்சு, வெக்கப்பட்டு நிப்பாட்டிரும். ஊருல உள்ள திருட்டுப்பயலயெல்லாம் தங்கம்னு சொன்ன வாயி, தன்னப் பத்திச் சொல்ல வந்தா ஒட்டிக்கிது. கடைசியில, "குட்டைக்காக ஒரு ஓட்டு போடுங்க"ன்னு சொல்லிட்டு நவுந்துரும். சனத்துக்கு அதுவே புடிச்சுப்போச்சு.

காத்து நம்ம பக்கம் அடிக்கிறது தெரிஞ்சதும் மொதலாளி வேலையக் காட்டுனாரு. வூட்டுக்கு வூடு எவர்சில்வர் கொடம் குடுத்து, பொம்பளைங்கள மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, எரியிற கற்பூரத்துல அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு. மறுநாள் நாங்க போனா ஒருத்தி கூட நிமுந்து பாக்கல.

வூட்டுக்கு வந்தேன். அடுப்பாங்கரையில புதுக் கொடம் பளபளங்குது.

"என்னடி இது?"

"கொடம்."

"கற்பூரம்?"

"அடிச்சிட்டேன்."

"நான் அக்காவுக்கு வண்டி ஓட்டுறேன்டி!"

"நீ ஓட்டு, யாரு வேணாங்குறா. எனக்கும் குட்டை வேணுந்தான். அம்மன்கிட்ட குடுத்த வாக்க எப்படி மீறுறது? புள்ளைங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா?" அவ கண்ணு கலங்கிப்போச்சு.

அக்காகிட்ட சொன்னேன். பிரச்சாரம் முடியிற அன்னைக்கு மத்தியானம், "வண்டிய கோயிலுக்கு வுடு"ன்னுச்சு. வாசல்ல நின்னு மைக்க எடுத்துச்சு. பெரியோர்களே, தாய்மார்களேன்னு ஆரம்பிக்கல.

"அடியே, எல்லாரும் கேளுங்கடி. கொடம் வாங்குனத நான் தப்புன்னு சொல்லல. குட்டை போயிட்டா அந்தக் கொடத்துல எதடி மொள்ளுவீங்க? சத்தியம் பண்ணிட்டோம்னுதான பயம்? அத முறிச்ச பாவம் மொத்தமும் எனக்கு."

அப்புறம் அம்மன் பக்கம் திரும்புச்சு.

"ஆத்தா, நல்லாக் கேட்டுக்க. இந்த மைக்குல எத்தன பேர உத்தமன்னு சொல்லிருக்கேன்னு ஒனக்கே தெரியும். என் பாவம் ஏற்கெனவே மலையாட்டம் கெடக்கு. அதுமேல இதையும் ஏத்திவுட்டுரு. இவளுங்க புள்ளைங்களத் தொட்டுறாத."

மைக்க எங்கிட்ட குடுத்துட்டு, கற்பூரத்தக் கொளுத்தி ஓங்கி அடிச்சுச்சு. ஒவ்வொருத்தி சத்தியத்துக்கும் ஒரு அடின்னு, அணைஞ்சதும் மறுபடி கொளுத்துச்சு, மறுபடி அடிச்சுச்சு. உள்ளங்கை கன்னிப்போற வரைக்கும் வுடல. ஒவ்வொருத்தியா வந்து நின்னாளுங்க. பூசாரி வேப்பிலையால அக்கா தலையில தட்டி, "ஆத்தா ஏத்துக்கிட்டா!"ன்னாரு. அவரு வூட்டு மாடும் குட்டையிலதான் குடிக்கிது.

ஓட்டு எண்ணுற அன்னைக்கு மொதலாளி மாலை, பட்டாசு, டிரம்செட்டு எல்லாத்தோடயும் வந்துட்டாரு. பூட்டு சாவி ஜெயிச்சிருச்சுன்னு மைக்குல சொன்னாங்க. சும்மா இல்ல, ஆட்டோவ நசுக்கிட்டு ஜெயிச்சிருச்சு! மொதலாளி மாலையோட காருக்குள்ள போயி ஒக்காந்துட்டாரு. டிரம்செட்டுக்காரங்க, "வந்தது வந்துட்டோம், யாருக்கு அடிக்கிறது?"ன்னாங்க. "எங்களுக்கு அடிங்கடா!"ன்னேன். அடிச்சாங்க பாருங்க, என் வாழ்க்கையில நான் ஆடுன மொத ஆட்டம் அதான். பாத்தவங்க, கடைசி ஆட்டமாவும் இருக்கட்டும்னு கும்புட்டாங்க.

அந்தக் கூட்டத்துல மொதலாளி வூட்டம்மா மெதுவா வந்து அக்கா காதுல சொல்லுச்சு: "நானும் ஒனக்குத்தான் போட்டேன். என்னைய மட்டும் யாரும் கற்பூரம் அடிக்கச் சொல்லல."

ஊர்வலம் ஊருக்குள்ள வந்தப்ப அக்காவக் காணோம். தேடுனா, கோயில்ல அம்மனுக்கு எதுத்தாப்புல தனியா நிக்கிது. கன்னிப்போன கையக் கூப்பிக்கிட்டு, சத்தமில்லாம ஒதடு மட்டும் அசையிது.

"அக்கா, இம்புட்டுப் பாவம் ஒரு ஆளு தூக்க முடியாது. பாதிய எங்கிட்ட குடு"ன்னேன்.

"ஒங்கிட்ட குடுத்தா எங்கயாச்சும் தொலைச்சிட்டு வந்துருவடா"ன்னுச்சு.

தொலைச்சிருவேன், உண்மைதான். ஆனாலும் அக்கா கும்புட்டு முடிக்கிற வரைக்கும், தோளு ஒரசுறாப்புல பக்கத்துலயே நின்னேன்.