ஆரபியின் வழமையான வதிவிடம்

வெள்ளவத்தை

அன்புள்ள மருமகன் வினோதனுக்கு,

மாமா பூபாலசிங்கம் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். நீங்களும் சுகமாயிருக்க வேண்டும் என்று எழுத எனக்கு இப்போது மனமில்லை. ஆனாலும் கடிதம் என்றால் எழுதத்தான் வேண்டும், ஆகவே சுகமாயிருங்கள்.

லீவுக்குப் பிள்ளையோடு வந்த என் மகள் சாம்பவி, உங்களோடு போனில் சண்டை பிடித்து, இனிக் கனடாவுக்கு வரமாட்டேன் என்று சொன்னால், கொஞ்சம் பொறுத்து மறுபடி போன் எடுப்பதுதான் மனிசர் செய்கிற வேலை. நீங்களோ பேத்தி ஆரபியை நாங்கள் கடத்தி வைத்திருக்கிறோம் என்று வழக்குப் போட்டிருக்கிறீர்கள். பிரஷர் குளிசை போடுகிற நானா பிள்ளை பிடிகாரன்?

பாமன்கடைப் பக்கம் இருக்கிற எங்கள் லோயர் ஷிராஸிடம் போய், பிள்ளையின் பூட்டன் பூட்டி எல்லாரும் யாழ்ப்பாணம் என்று நான் பரம்பரையைத் தொடங்க, அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அங்கிள், பரம்பரையும் வேணாம், பாஸ்போர்ட்டும் வேணாம். பிள்ளைட வழமையான வதிவிடம் எது, கனடாவா இங்கயா, அதுதான் கேள்வி. இங்க வேர் விட்டிட்டுது எண்டு காட்ட ஏதும் இருந்தா கொண்டு வாங்க."

வெள்ளவத்தையில் ஒரு பிள்ளை வேர்விட்டதற்கு ரியூசனைவிட வேறென்ன அத்தாட்சி? கணக்கு, சிங்களம், அபாகஸ், வீணை என்று அகப்பட்ட வகுப்பிலெல்லாம் சேர்த்தேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்பா என்று மாஸ்டர் கேட்டார். வழக்குக்காக என்றேன், முன்வாங்கில் இடம் தந்தார். இப்போது ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் இடையில் காலி வீதி நெரிசலில் அவள் சாப்பிடுவதும் ஓட்டோவில்தான், நித்திரை கொள்வதும் ஓட்டோவில்தான். உண்மையைச் சொன்னால் அவளுடைய வழமையான வதிவிடம் அந்த ஓட்டோதான்.

சாட்சிக்குக் கீழ்வீட்டுக் கனகேஸ்வரியைக் கேட்டேன்.

"வாறன் அண்ணை. எங்கட தலைக்கு மேல அது குதிக்கிற குதியைச் சொல்லி, எப்ப கனடாவில கொண்டுபோய் விடுவினம் எண்டும் ஜட்ஜிட்டையே கேக்கிறன்" என்றார். இப்படியான சாட்சியை வைத்து வழக்கு வென்றாற்போலத்தான்.

நேற்று வீணை வகுப்பு முடிந்து வந்து லிப்டில் ஏறினோம்.

"அம்மப்பா, எப்ப வீட்டை போறம்?"

"இந்தா வந்திட்டமே, ராசாத்தி."

"இது உங்கட வீடு. என்ர வீட்டை."

எனக்குச் சரியான கவலையாகப் போய்விட்டது. ஆனால் அதற்காக விட்டுத்தருவேன் என்று நினைக்க வேண்டாம். அவள் வந்த பிறகுதான் இந்த பிளாட்டில் ஆள் இருக்கிற சத்தமே கேட்கிறது. அவளை அனுப்பிவிட்டு நான் யாரோடு கதைப்பது? கோட்டில் சந்திப்போம்.

உங்களுக்கும் உங்கள் தாயாருக்கும் ஆண்டவன் எல்லாம் தரட்டும், இந்த வழக்கைத் தவிர.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஷிராஸிடம் வாசித்துக் காட்டினேன். "அங்கிள், இத மட்டும் அனுப்பிடாதீங்க. அந்த லிப்டுக் கதை ஒண்டே போதும், கேஸ் அவர்ட பக்கம் போயிடும்" என்றார். நாளைக்குப் பதிவுத் தபாலில் போடுகிறேன். கிடைத்ததும் உங்கள் லோயரிடம் கொடுங்கள். சாம்பவிக்குச் சொல்லவில்லை. பிள்ளைக்குக் கால் வளர்ந்துவிட்டது. பனிச் சப்பாத்து புதிதாக வாங்கி வையுங்கள்.